அட்வான்ஸ் வாங்கிய நாள் முதல் பத்திரப்பதிவு வரை: சென்னையில் வீடு விற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சைதாப்பேட்டையில் பத்திரம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. வீடு வாங்குகிறவருக்கு யோசனை சொல்லப் பேங்க் இருக்கிறது, பேங்க் வக்கீல் இருக்கிறார், ஆபீஸில் நாலு பேர் இருக்கிறார்கள். விற்கிறவருக்கு அப்படி யாரும் இல்லை. விலை படிந்து, வெற்றிலை பாக்குத் தட்டில் அட்வான்ஸ் வாங்கியதும், மீதிப் பணம் தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் பதிவு தள்ளிப்போன வீடுகளில் நான் பார்த்தவரை, தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் விற்கிறவர் பீரோவில் இருக்க வேண்டிய ஏதோ ஒரு காகிதம்தான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். இப்போது வீடு யாருடையது?

உங்களுடையதுதான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் மட்டும் போட்டால் சொத்தில் வாங்குபவருக்கு உரிமை வந்துவிடாது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும்.

அதற்கு அடுத்த 55-ஆம் பிரிவைத்தான் விற்கிறவர்கள் யாரும் படிப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் உங்கள் கடமை என்ன என்று அதில் இருக்கிறது. வீட்டை அக்கறையுள்ள ஒரு சொந்தக்காரர் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பனை முடியும் நாள் வரையிலான வரியையும் பாக்கியையும் நீங்கள் கட்ட வேண்டும். வாங்குபவர் கேட்கும் பத்திரங்களைக் காட்ட வேண்டும். வாடகை வந்தால் அதுவரை அது உங்களுக்கு. புயல் அடித்துக் காம்பவுண்டுச் சுவர் விழுந்தால் அதைச் சரிசெய்வதும் உங்கள் பொறுப்பு. விற்றாகிவிட்டதே என்று மொட்டைமாடி ஓதத்தைக் கவனிக்காமல் விட்டு, பதிவுக்கு முதல் வாரம் வாக்குவாதத்தில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்ரிமென்ட்டைப் பதிவு செய்துதான் ஆக வேண்டுமா?

தமிழ்நாட்டில் ஆமாம். 2012-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தமும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். அப்படியிருந்தும் ஊரில் பாதிப்பேர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பதிவு செய்யாதது வெறும் காகிதம், வேறு யாராவது கூடுதல் விலைக்கு வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2023-இல் உச்ச நீதிமன்றம், பதிவாகாத ஒப்பந்தத்தையும் ‘ஒப்பந்தப்படி எனக்குக் கிரயம் செய்து கொடு’ என்று கேட்கும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது.

பதிவு செய்தால் அது, சொத்தின் மேல் பதிவானதையெல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றில், அதாவது ஈ.சி.யில் ஏறும். வாங்குபவர் ஒதுங்கிக்கொண்டால் ரத்துப் பத்திரத்தில் அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால் ஒப்பந்தத்தில் கெடு நாளையும், கெடு தாண்டினால் என்ன என்பதையும் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

கையில் பணம் வைத்திருப்பவர் என்றால், காகிதம் சரியாக இருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் முடியும். லோன் போட்டு வாங்குபவர் என்றால் ஒன்றரை மாதம், இரண்டு மாதம். மூன்று மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது நம் ஊர் வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட.

என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும்?

உங்கள் பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், 30 வருட ஈ.சி., பட்டா அல்லது டவுன் சர்வே பதிவேட்டு நகல், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கடைசி அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, குடிநீர் வாரிய ரசீது, மின் கட்டண ரசீது. அடுக்குமாடி என்றால் பராமரிப்புப் பாக்கி இல்லை என்று சங்கம் கொடுக்கும் கடிதம். கே.கே. நகர், அசோக் நகர் மாதிரி வீட்டு வசதி வாரியத்து வீடு என்றால், வாரியம் உங்களுக்கோ உங்களுக்கு முன் இருந்தவருக்கோ எழுதிக் கொடுத்த விற்பனைப் பத்திரம். தவணை முழுக்கக் கட்டி முடித்தும் அந்தப் பத்திரத்தை வாங்காமலே விட்ட குடும்பங்கள் உண்டு. ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி வீட்டை விற்க முடியாது.

பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தடுக்கி விழும் இடங்கள் வேறு.

முதலாவது பெயர். பத்திரத்தில் ‘எஸ். லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி சுப்ரமணியன்’, பான் கார்டில் ‘சுப்ரமணியன் லட்சுமி’. நமக்கு மூன்றும் ஒரே அம்மாதான். பேங்க் வக்கீலுக்கு மூன்று பேர். ஆதாரிலோ பானிலோ திருத்த நாள் பிடிக்கும், அட்வான்ஸ் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். திருத்தவே முடியாத பழைய பத்திரத்துக்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரம் போட்டுச் சமாளிக்கலாம்.

இரண்டாவது சொத்து விவரம். சென்னையின் பழைய பத்திரங்கள் கிராமப் பெயரில் பேசும். வீடு கோடம்பாக்கத்தில் இருக்கும், பத்திரத்தில் புலியூர் கிராமம் என்று இருக்கும். பழைய சர்வே எண் ஒன்று, டவுன் சர்வே எண் வேறொன்று, அப்புறம் பிளாக் எண். கதவு எண்ணும் பழையது, புதியது என்று இரண்டு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதி வாங்குபவரின் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும். சார்பதிவாளர் அலுவலக எல்லை இடையில் மாறியிருந்தால் பழைய அலுவலகத்துக்கும் சேர்த்து ஈ.சி. எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மூலப் பத்திரத்தின் நிலைமை. போன வருடம் ஒருவர் 1974-ஆம் வருடத் தாய்ப்பத்திரத்தை வேட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நாலாக மடித்து 50 வருடம் கிடந்ததில், மடிப்பு விழுந்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. எல்லைகள் எழுதிய வரி சரியாக அந்த மடிப்பில். பதிவுத்துறையில் விண்ணப்பித்து நகல் வாங்கி, அதையும் சேர்த்துக் கொடுத்தோம். பத்திரம் அடியோடு தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று வேலை நீளும். அதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

லோன் எப்போதோ கட்டி முடித்துவிட்டேன். ஈ.சி.யில் இன்னும் அடமானம் காட்டுகிறதே?

இங்கே வீட்டுக் கடன் கொடுக்கும்போது பத்திரங்களை ஒப்படைத்ததற்கு ஒரு குறிப்பாணை எழுதிப் பதிவு செய்வார்கள். கடன் தீர்ந்ததும் அதற்கு ஈடாக ஒரு ரசீதுப் பத்திரம் பதிவாக வேண்டும். பேங்க் ‘பாக்கி இல்லை’ என்று கடிதம் கொடுத்து, பத்திரங்களையும் திருப்பிக் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று வந்துவிடுகிறோம். ரசீது பதிவாகாதவரை ஈ.சி.யில் அந்தக் கடன் உயிரோடுதான் இருக்கும்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃப்ளாட் இப்படி நின்றது. கடன் 2011-இல் முடிந்துவிட்டது. அந்தக் கிளை வேறொரு கிளையோடு இணைந்துவிட்டது, பழைய கோப்பு எங்கேயோ குடோனில். அதிகாரி ஒருவர் அலுவலகம் வந்து ரசீதில் கையெழுத்துப் போட ஐந்து வாரம் ஆனது. வாங்குபவர் நல்ல மனிதர், காத்திருந்தார். விற்கலாம் என்ற எண்ணம் வந்ததுமே பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சொத்துக்கு ஈ.சி. போட்டுப் பாருங்கள். வெளியார் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

என் லோன் இன்னும் பாக்கி இருக்கிறது. விற்கலாமா?

தாராளமாக. உங்கள் பேங்கில் கடனை முடிக்க வேண்டிய தொகை எவ்வளவு என்ற கணக்கும், அவர்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவரோ அவருடைய பேங்கோ அந்தத் தொகையை நேராக உங்கள் பேங்குக்குக் கட்டுவார்கள். முழுக்கக் கட்டிய 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பேங்க் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. அந்த 30 நாளையும் சேர்த்தே கெடுவை எழுதுங்கள்.

பேங்க் ஆள் வந்து வீட்டைப் பார்த்தபின் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

முதலில் அவருடைய கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் பேசிய விலை 80 லட்சம். பேங்க் மதிப்பீட்டாளர் 72 லட்சம் என்று எழுதிவிட்டார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 64 லட்சம் கிடைக்கும் என்று நம்பியிருந்தவருக்கு 57 லட்சத்து 60 ஆயிரம்தான் கிடைக்கும். 6 லட்சத்து 40 ஆயிரம் துண்டு விழுகிறது.

அது அவருடைய பணப் பற்றாக்குறை, உங்கள் வீட்டின் விலை அதனால் இறங்கிவிடவில்லை. விலையைத் தொடாமல் கெடுவை ஒரு மாதம் தள்ளிக் கொடுங்கள், வேறு பேங்கில் முயற்சி செய்யட்டும். ஆனால் அனுமதி வாங்காமல் பால்கனியை அறையாக்கியிருந்ததால்தான் மதிப்பு குறைந்தது என்றால் அது நம் பக்கத்துக் குறை. அப்போது உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

அப்பா பெயரில் இருந்த வீடு. தங்கைக்குக் கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று. அவள் கையெழுத்து வேண்டுமா?

வேண்டும். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் சம பங்கு. கல்யாணத்தில் போட்ட நகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக முன்பே விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு தங்கையிடம் போய்ச் சொல்லாதீர்கள். விலை பேசும் முன்பே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். பணத்தைவிட ‘என்னைக் கேட்கவே இல்லையே’ என்ற வருத்தத்தில் நின்றுபோன பதிவுகள்தான் அதிகம்.

2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, உங்களுக்குத் தெரிந்த முக்கியமான குறையை மறைக்கக் கூடாது என்று அதே 55-ஆம் பிரிவு சொல்கிறது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வாங்க வருகிறவர்கள் 2015-ஐயும் 2023 மிக்ஜாம் புயலையும் கேட்காமல் போவதில்லை. பக்கத்து இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டாலே முழங்கால் வரையா, இடுப்பு வரையா என்று சொல்லிவிடுவார். நீங்களே சொன்னால் உங்கள் மற்ற பேச்சையும் நம்புவார்கள்.

பாதிப் பணம் ரொக்கமாக, பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்கிறார்களே?

வேண்டாம். கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். வழக்கமாக அது வாங்குபவர் செலவு. அதில் மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பேச்சு வருகிறது. மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. வீடு விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அபராதம் பணத்தை வாங்கியவர் தலையில்தான் விழும். அப்புறம் அந்த ரொக்கத்தைக் கொண்டு நீங்கள் அடுத்த வீடும் வாங்க முடியாது, பேங்கிலும் போட முடியாது.

பேசிய விலையைவிட, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதையும் கவனியுங்கள். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், உங்கள் லாபத்தை வழிகாட்டி மதிப்பை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

வரி எவ்வளவு பிடிப்பார்கள்?

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்திலிருந்தே 1 சதவீதம் வரியாக (டி.டி.எஸ்.) பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். 80 லட்சத்துக்கு 80,000 ரூபாய். அட்வான்ஸிலும் அதே விகிதத்தில் பிடிக்க வேண்டும். பான், ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதை இன்றே பாருங்கள். பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

லாபத்தின் மீதான வரி தனி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதை இந்தியாவில் வசிப்பவர் விற்றால், பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-க்கு முன் வந்த வீடு என்றால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. பாட்டி காலத்து வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். இந்த வரியிலிருந்து விலக்கு வேண்டுமென்றால், லாபத்தில் வேறு வீடு வாங்க 2 வருடம், கட்ட 3 வருடம் அவகாசம். அல்லது அதற்கென்று உள்ள கடன் பத்திரங்களில் (பாண்ட்) 6 மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடலாம். ஆடிட்டரைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பங்குதாரரான மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வர முடியாது.

பவர் பத்திரம், அதாவது தன் சார்பில் கையெழுத்துப் போட வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் வேண்டும். அவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். பவரை வைத்துப் பதிவு செய்யும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றும் கேட்பார்கள். அவர் வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு 1 சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு. குறைவாகப் பிடிக்க வருமான வரித்துறையிடம் சான்று வாங்கலாம். அதற்கு வாரங்கள் பிடிக்கும், அட்வான்ஸ் வாங்கியவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

யாராவது பின்வாங்கினால்?

வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் யாருக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதியபடி. நீங்கள் வைத்துக்கொண்டால் அது உங்கள் வருமானம், வரி உண்டு. நீங்கள் பின்வாங்கினால், இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று தெருவில் சொல்வதை நம்பாதீர்கள். கிரயம் செய்து கொடு என்று வழக்குப் போட அவருக்கு 3 வருடம் அவகாசம் இருக்கிறது. அந்த வழக்கு நடக்கும்வரை வீட்டை நிம்மதியாக வேறு யாருக்கும் விற்க முடியாது.

ஆடி மாதத்தில் பதிவு வேண்டாம் என்கிறார்கள்.

வாங்குபவர் விருப்பம், விட்டுக்கொடுங்கள். ஆனால் ஒப்பந்தக் கெடு ஆடியில் முடியும்படி ஆரம்பத்திலேயே எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் வேண்டும் என்றால் டோக்கனை முன்கூட்டியே போட வேண்டும். பதிவுத்துறை அந்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் கூட்டம் நெரியும்.

பதிவு நாளன்று என்ன நடக்கும்?

முதல் நாளே பத்திர வரைவை ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள், குறிப்பாகச் சொத்து விவரத்தை. பேங்க் டிராஃப்டின் (டி.டி.) நகலை வாட்ஸப்பில் வாங்கி, பெயர் உங்கள் பேங்க் கணக்கில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார், பான், மூலப் பத்திரங்கள், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள்.

உள்ளே கூப்பிட்டதும் சார்பதிவாளர் பெயரைக் கேட்டு, சம்மதம்தானா, பணம் வந்துவிட்டதா என்று கேட்பார். புகைப்படம், கைரேகை. அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை. காத்திருப்பதுதான் நேரம். 78 வயது அம்மா ஒருவருக்கு ரேகை விழவே இல்லை. எத்தனையோ வருடம் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த கட்டைவிரல். ஈரத் துணியால் துடைத்து, நெற்றியில் தேய்த்து, ஐந்தாவது தடவையில்தான் கருவி ஏற்றுக்கொண்டது. அதுவரை பின்னால் நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. வயதானவர்களைக் காலை முதல் டோக்கனில் கூட்டிவாருங்கள், தண்ணீரும் மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

டி.டி. கைக்கு வராமல், அல்லது பணம் கணக்கில் ஏறியதாக பேங்க் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மதியத்துக்குள் போட்டுவிடுகிறேன் சார்’ என்றால், மதியம் கையெழுத்துப் போடலாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். புரோக்கர் கமிஷனையும் அன்றே தீர்த்துவிடுங்கள்.

சாவியை எப்போது கொடுப்பது?

முழுப் பணமும் வந்த பிறகு. அதற்கு முன் ‘பால் மட்டும் காய்ச்சிக்கொள்கிறோம்’ என்று கேட்பார்கள். நல்ல நாள் என்றால் கூடவே நின்று காய்ச்ச விட்டு, பூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சாவியோடு கொடுக்கும் மூலப் பத்திரங்களைத் தேதி, ஆவண எண்ணோடு ஒரு தாளில் எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். பதிவான கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும், வரிக் கணக்குக்குக் கேட்பார்கள். சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றையும் அவர் பெயருக்கு மாற்றக் கையெழுத்துக் கேட்டால் தயங்காமல் போட்டுக் கொடுங்கள். கிளம்பும்போது மின் மீட்டர் அளவை, பக்கத்தில் வாங்குபவரும் நிற்க, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.